கட்டுதலும் காத்தலும்

மகாவீரர் ஜயந்தி, பெற்றோர் நினைவுநாள், குழந்தையின் பிறந்தநாள் போன்ற நாள்களில் அன்னதானத்தோடு நில்லாமல் வாயில்லாச் சீவன்களுக்கும் ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் விலங்கொன்றைத் தத்தெடுத்து அதன் உணவுச் செலவை ஏற்கும் ஏற்பாடு உண்டு. "ஒரு மானைத் தத்தெடுக்கலாமா? அது சீவதயையில் சேருமா?" என்று உறவினர் சிலர் என்னைக் கேட்டனர். அதே வீடுகளிலுள்ள இளைஞர்களோ, "கூண்டுக்குப் பணம் கொடுப்பது கூண்டுக்குத் துணைபோவது ஆகாதா?" என்கின்றனர். இரு சாராரும் அகிம்சையின் பெயராலேயே பேசுகின்றனர். இரு சாராரிடமும் நியாயம் இருக்கிறது. ஆகவே இவ்வினாவை நம் ஆசாரியர்கள் வகுத்த நெறியின் துணைகொண்டு சற்று ஆராய்ந்து பார்க்க விழைகிறேன்.

நான் அறிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்வோர் எளிதில் போய்வரக்கூடிய தொலைவில், குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. 1981-இல் சிறிய அளவில் தொடங்கப்பெற்றுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. புள்ளிமான்களும் கடமான்களும் அங்கு வேலிக்குள் வளர்கின்றன. அங்கிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், காப்பித் தோட்டங்களுக்கு இடையே காட்டெருமைகள் தம் விருப்பம்போல் திரிவதைக் காணலாம். தோட்டத் தொழிலாளர்க்கு அவற்றால் அச்சமும் உண்டு. பயிருக்குச் சேதமும் உண்டு. ஒரே மலையின் அடியில் வேளை தவறாத தீவனமும் வேலியும். மேலே வேலியும் இல்லை, தீவனம் வைப்பாரும் இல்லை. இவற்றுள் எது மேலானது என்று மானிடம் கேட்டறிய நமக்கு வழியில்லை. ஆனால் வேலியின் ஒரு மூலை திறந்து கிடந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்பது யாருக்கும் தெரியும்.

குரும்பப்பட்டியின் மான்கள் அரியவை அல்ல. புள்ளிமான் அடைப்புக்குள் எளிதில் பெருகும் இனம், காடுகளிலும் நிறைந்துள்ளது. அந்த வேலி இல்லாவிடில் புள்ளிமான் உலகில் இல்லாமற்போகும் என்று எவரும் வாதிட மாட்டார். வாதம் வலுப்பெறுவது, கூண்டில்லாவிடில் உண்மையாகவே அழிந்தொழிந்திருக்கக்கூடிய இனங்களைப் பற்றிப் பேசும்போதுதான். எளிய வழக்கில் தீர்ப்புச் சொல்லிப் பயனில்லை. கடினமான வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒரு சிறு விளக்கம். தமிழில் நாம் எல்லாவற்றையும் மான் என்றே சொல்லிவிடுகிறோம். உயிர்நூலார் இரண்டாகப் பிரிப்பர். புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் ஆண்களுக்குக் கிளைத்த கொம்பு உண்டு. அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமான் போன்றவற்றின் கொம்பு கிளைப்பதில்லை, உதிர்வதும் இல்லை. ஆடு மாடுகளுக்குப் போல எலும்பின்மேல் உறையாக வளர்ந்து ஆயுள் முழுதும் நிற்கும். முறுக்கிய கொம்புடைய வெளிமானைச் சங்கச் சான்றோர் இரலை என்றனர். எனவே இவ்வகையினத்தை இங்கு இரலையினம் என்றே குறிப்பேன். (பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் இலாஞ்சனை மான் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். அந்த மான் எவ்வகையது என்று சிற்பிகளைக் கேட்டால் ஊருக்கு ஒரு விடை கிடைக்கும்.)

அரேபியப் பாலைவனத்தில் ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற இரலை வாழ்கிறது. நீண்டு நேராக நிற்கும் அதன் இரு கொம்புகளும் பக்கவாட்டில் பார்க்கையில் ஒரே கொம்பாகத் தோன்றும். ஒட்டகத்தின் மீதேறி வேட்டையாடிய காலத்தில் அந்த இனம் தப்பிப் பிழைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய்ச் செல்வத்தோடு மோட்டார் வண்டிகளும் தானியங்கித் துப்பாக்கிகளும் பாலைக்குள் வந்தபோது அதனால் தப்ப முடியவில்லை. இனி இது அழியும் என்று கண்ட இலண்டனைச் சார்ந்த விலங்கினப் பாதுகாப்புச் சங்கத்தார், 1962-இல் மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில் ஒரு குழுவை, இன்று ஏமன் நாட்டில் சேர்ந்துள்ள அன்றைய ஏடன் பகுதிக்கு அனுப்பினர். அக்குழுவினர் பல வாரம் தேடி நான்கு விலங்குகளைப் பிடித்தனர். ஒன்று இறந்தது. எஞ்சிய மூன்றோடு, இலண்டன் மிருகக்காட்சிசாலை ஒன்றும், குவைத் ஆட்சியாளர் ஒன்றும், சவூதி மன்னர் நான்கும் தந்தனர். இவ்வாறு சேர்ந்த ஒன்பதும், பாலைவனத் தட்பவெப்பம் உடைய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகர மிருகக்காட்சிசாலையில் வைத்துப் பேணப்பட்டன. "உலக மந்தை" என்று அதற்குப் பெயரிட்டனர். 1972-இல் ஓமான் நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் காட்டு ஓரிக்ஸ்களும் வேட்டைக்கு இரையாயின. அதன்பின் அவ்வினம் உலகில் வேலிக்குள் மட்டுமே இருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1982-இல், கூண்டில் பிறந்த வழித்தோன்றல்கள் ஓமானின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் திறந்துவிடப்பட்டன. அங்கு மேய்ச்சல் வாழ்க்கை நடத்தும் ஹராசிஸ் குடியினரே காவலராயினர். மந்தை 400-க்கு மேல் பெருகிற்று. 1994-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்துடன் முடிந்திருந்தால் மிருகக்காட்சிசாலைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் 1996 முதல் கள்ள வேட்டை மீண்டும் தலையெடுத்தது. இம்முறை வேட்டையாடியவர்கள் கொல்ல வரவில்லை; உயிரோடு பிடிக்க வந்தனர். செல்வந்தர்களின் தனியார் விலங்குத் தொகுப்புகளில் ஓரிக்ஸுக்கு நல்ல விலை கிடைத்தது. கூண்டினால் காக்கப்பட்ட விலங்கு காட்டுக்குத் திரும்பிய பின் மீண்டும் கூண்டுக்காகவே வேட்டையாடப்பட்டது. சில ஆண்டுகளில் மந்தை சிதைந்தது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதியைக் காவலரே பிடித்து அடைப்புக்குள் சேர்த்தனர். காப்பிடத்தின் பரப்பையும் அரசு பத்தில் ஒரு பங்காகக் குறைத்தபோது, 2007-இல் யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்தே நீக்கிற்று. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து ஓரிடம் நீக்கப்பட்டது அதுவே முதன்முறை. பிற நாடுகளில் மந்தைகள் நிலைபெற்றமையால் 2011-இல் அவ்வினம் "அழிவாய்ப்புடையது" என்னும் நிலைக்கு முன்னேறியதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. அப்போது திறந்த வெளியில் ஏறத்தாழ 1,000 விலங்குகளும், வேலிக்குள் அதைப்போல் ஆறேழு மடங்கும் இருந்தன.

இனி நம் நெறி நூல்களைப் பார்ப்போம். இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்துக்கு உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்காப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. முதலில் நிற்பது கட்டுதல். கட்டுதல் என்றால் கயிற்றால் பிணிப்பது மட்டுந்தானோ என்று கேட்போர்க்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் விடை தந்திருக்கிறார்: ஓருயிர் தான் விரும்பும் இடத்துக்குச் செல்லவொட்டாமல் தடுக்கக் காரணமாவது எதுவோ அதுவே கட்டு. இவ்விளக்கத்தின்படி வேலி அகன்றதா குறுகியதா, இரும்பா அகழியா, உள்ளே மரநிழல் இருக்கிறதா இல்லையா என்பவை கட்டின் கடுமையைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டை இல்லையென்று ஆக்க மாட்டா.

இவ்விடத்தில் ஏற்காட்டிலிருந்தே ஓர் ஐயம் எழும். அங்கு இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் காப்பகம் 1963 முதல் இருக்கிறது. அரிய ஆர்க்கிட் செடிகளைக் காடுகளிலிருந்து கொணர்ந்து தொட்டிகளில் வளர்க்கின்றனர். செடிக்கும் சீவன் உண்டென்று சொல்பவர்களாயிற்றே நாம். அப்படியாயின் அதுவும் கட்டுதான் அல்லவா என்று நுணுக்கமாகக் கேட்பவர் உண்டு. செடி ஓரறிவுயிர், தாவரம். இடம்விட்டு இடம்பெயர விரும்பும் உயிர் அன்று. பறித்து நடுவதில் இம்சை உண்டு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் பூஜ்யபாதர் சொல்லும் கட்டு, நடந்து செல்ல விரும்பும் உயிர்க்கே முழுமையாகப் பொருந்தும். ஓடுவதற்கென்றே அமைந்த உடலைப் பெற்ற இரலையை அடைப்பதும் ஆர்க்கிட்டைத் தொட்டியில் வைப்பதும் ஒன்றல்ல.

மிருகக்காட்சிசாலை அறிஞர் இதற்குச் சொல்லும் மறுமொழி, "ஓரிரு விலங்குகளைக் கட்டினோம், அதனால் ஓர் இனத்தைக் காத்தோம்" என்பது. இம்மறுமொழியைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். இனம் என்பதற்குச் சீவன் உண்டா? இல்லை. ஒரே வகையான நாமகர்மத்தின் விளைவாக ஒரே வகையான உடலைப் பெற்ற சீவன்களின் தொகுதிக்கு நாம் இட்ட பெயரே இனம். பசி, அச்சம், வேதனை, கன்றைப் பிரிந்த துயர் ஆகியவை ஒவ்வொரு சீவனுக்கும் தனித்தனியே உரியவை. இன்று ஓரிக்ஸாய் இருக்கும் சீவன் மறுபிறவியில் வேறு கதியடையும். அதனோடு இனம் என ஒன்று கூடப் போவதில்லை. வினையும் அவ்வாறே; ஒருவர் ஈட்டியதை மற்றொருவர் நுகர முடியாது என்பது நம் சமயத்தின் அடிப்படை. 1962-இல் பாலையில் துரத்திப் பிடிக்கப்பட்ட அந்த மூன்று விலங்குகளும் திரும்பவும் பாலையைக் காணவில்லை. விடுதலை அவற்றின் பேரக்குழந்தைகளுக்குக் கிடைத்தது. இதனைப் பாட்டனார் செய்த தியாகம் என்று எழுதுகின்றனர். தியாகம் என்பது தானே விரும்பிச் செய்வதன்றோ? அந்த விலங்குகளை எவரும் கேட்கவில்லை.

இனத்தை மட்டுமே எண்ணி உயிரை மறந்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2014 பிப்ரவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் மிருகக்காட்சிசாலையில் மரியஸ் என்னும் இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றனர். அதற்கு நோய் இல்லை. அதன் மரபுக்கூறுகள் பிற விலங்குகளிடம் ஏற்கெனவே போதிய அளவில் இருந்தன; ஆகவே இனப்பெருக்கத் திட்டத்துக்கு அது வேண்டப்படவில்லை. குழந்தைகள் உள்ளிட்ட பார்வையாளர் முன்னிலையில் அறுத்துச் சிங்கங்களுக்கு இரையாக்கினர். அதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்கள் கணக்கில் அவர்கள் பிழை செய்யவும் இல்லை. அவர்கள் கணக்கேட்டில் இனத்துக்குப் பத்தி இருந்தது, மரியஸுக்குப் பத்தி இல்லை.

அதற்காக, ஓரிக்ஸ் இனம் அழிந்தால் அழியட்டும் என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நெறியும் ஒப்பாது என்றே எண்ணுகிறேன். ஓர் இனம் வேட்டையால் அழிந்தது என்றால், அதில் இருந்த சீவன் ஒவ்வொன்றும் கொல்லப்பட்டது என்று பொருள். கடைசியாக விழுந்ததுதான் செய்தித்தாளில் வருகிறது. அதற்கு முன் விழுந்தவை கணக்கில் வருவதில்லை. துப்பாக்கி முனையிலிருந்து ஒரு விலங்கை இழுத்துக் காப்பவன் அதனைச் சிறிது நேரம் பிடித்து நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். வெள்ளத்தில் போகும் கன்றைக் கயிறு வீசி இழுப்பவனை நாம் கட்டியவன் என்று பழிப்பதில்லை.

இந்நுட்பத்தை நம் ஆசாரியர்களும் உணர்ந்திருந்தனர். கட்டுவதிலும் காரணத்தோடு கட்டுதல், காரணமின்றிக் கட்டுதல் என்றும், இரக்கத்தை நோக்கிக் கட்டுதல், நோக்காமற் கட்டுதல் என்றும் பிற்காலத்து இல்லற ஒழுக்க நூல்கள் பிரிக்கின்றன. இரக்கத்தோடு கட்டுவது எப்படி? வீடு தீப்பற்றினால் உடனே அவிழ்க்கவோ அறுக்கவோ கூடிய தளர்ந்த முடிச்சாகக் கட்டுவது. என்ன நடைமுறை அறிவு பாருங்கள்! மாட்டுக் கொட்டிலில் நின்று பார்த்தவர்தாம் இதை எழுதியிருக்க முடியும். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான ஆசாதரர் தம் சாகார தர்மாமிர்தத்தில் இதையே படிநிலையாகச் சொல்கிறார். உறுதியான விரதம் பூண்ட இல்லறத்தான் கால்நடைகளைக் கொண்டு பிழைப்பதை விட்டுவிட வேண்டும். அது இயலாவிடில் கட்டாமல் வளர்க்க வேண்டும். அதுவும் இயலாவிடில் இரக்கமின்றிக் கட்டாமலேனும் இருக்க வேண்டும். மேலானதைச் சொல்லிவிட்டு, தாழ்ந்த படியில் நிற்பவனையும் அவர் கைவிடவில்லை. ஆனால் தாழ்ந்த படியை மேலான படி என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தளர்ந்த முடிச்சு என்னும் இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் ஓரிக்ஸின் கதை தெளிவாகிறது. பீனிக்ஸில் கட்டியவர்கள் அவிழ்க்கும் எண்ணத்தோடு கட்டினர். இருபது ஆண்டுகளில் ஒரு பகுதியை அவிழ்த்தும் காட்டினர். செல்வந்தரின் தோட்டத்துக்காக ஓமானில் ஓரிக்ஸைப் பிடித்தவனின் முடிச்சு அவிழ்ப்பதற்கானது அன்று. இரண்டிடத்திலும் விலங்கு உயிரோடு இருக்கிறது, தீவனமும் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வேறுபாடு தெரியாது. கொல்லாமையை நம் நூலோர் செயலைக் கொண்டு மட்டும் அளக்காமல் உள்ளத்து மயக்கத்தையும் சேர்த்து அளந்தது இதனால்தான்.

இங்கு மனத்தை உறுத்தும் ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு வெளிமான், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைகளில் பெருந்தொகையாக வளர்க்கப்படுகிறது. கட்டணம் செலுத்தி வருவோர் சுட்டு மகிழ்வதற்காக வளர்க்கின்றனர். பாகிஸ்தானில் வெளிமான் அற்றுப்போன பின்பு, 1970-ஐ ஒட்டி, லால் சுஹன்ரா என்னுமிடத்தில் அவ்வினத்தை மீண்டும் நிறுவ இப்பண்ணை மான்களையே அங்கிருந்து கொண்டுவந்தனர். வாள்போல் வளைந்த கொம்புடைய ஆப்பிரிக்க ஓரிக்ஸும் இவ்வாறே காட்டில் அற்றுப்போன நிலையில் டெக்சாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. அந்த இனத்தை அபுதாபி அரசின் முயற்சியால் 2016 முதல் சாட் நாட்டில் திறந்துவிட்டு வருகின்றனர். "வேட்டைதான் இனத்தைக் காத்தது" என்று பண்ணைக்காரர் பெருமை பேசுகின்றனர். எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் சொல்வது முற்றிலும் பொய் என்று தள்ள முடியவில்லை. ஆயினும் சுடுவதற்கென்று வளர்த்தவனுக்குக் காத்த புண்ணியம் சேரும் என்று சொல்ல நம் நூல்களில் இடமில்லை. நன்மை விளைந்தது உண்மை. விளைவித்த எண்ணம் நன்றன்று. இரண்டையும் ஒருசேரச் சொல்லத் தெரிய வேண்டும்.

மிருகக்காட்சிசாலைக்குச் சொல்லப்படும் மற்றொரு நியாயம் கல்வி. குழந்தைகள் விலங்குகளை நேரில் கண்டு அன்பு கொள்வார்களாம். ஆசிரியையாய் இருந்தமையால் இதைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். குரும்பப்பட்டிக்கு மாணவியரை அழைத்துச் சென்று வந்த மறுநாள் கட்டுரை எழுதச் சொல்வதுண்டு. பேருந்துப் பாட்டு, புளியோதரை, குரங்கு பிடுங்கிய பை ஆகியவை எல்லா ஏடுகளிலும் தவறாமல் இருக்கும். மான் என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிய ஏடுகள் மிகச் சில. அச்சிலர் அதனை நன்றாகவே எழுதியிருப்பர். அவர்கள் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்தும் அதே அளவு நன்றாக எழுதக்கூடியவர்கள்.

கல்விக்காகக் கட்டலாமா என்னும் வினாவுக்கு நேமிநாதர் சரிதத்தில் வியப்பான ஒரு குறிப்பு இருக்கிறது. இராசமதியை மணக்கச் செல்லும் வழியில் அடைத்துவைத்த மான்களின் ஓலத்தைக் கேட்டு, அவை தம் திருமண விருந்துக்காக என்றறிந்து, அவற்றை விடுவிக்கச் செய்து, திருமணத்தைத் துறந்து ஊர்ஜயந்தகிரிக்குச் சென்றார் பகவான் என்பதைத் திருமலையில் அவருடைய பேருருவத்தின் முன் நின்ற ஒவ்வொருவரும் அறிவர். குணபத்திராசாரியரின் உத்தரபுராணம் இதனோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறது. நேமிநாதருக்கு வைராக்கியம் பிறக்க வேண்டும் என்று கருதிய கிருஷ்ணனே வேடரைக் கொண்டு மான்களைப் பிடித்து அடைக்கச் செய்து, கேட்டால் இன்னவாறு விடை சொல்லுங்கள் என்று காவலருக்குக் கற்பித்தும் வைத்தானாம். அதாவது, ஒருவர் மனத்தில் ஓர் உணர்வை எழுப்புவதற்காகவே அம்மான்கள் கட்டப்பட்டன. மிருகக்காட்சிசாலையின் கல்வி நோக்கமும் இதுவே அன்றோ? அங்கு பாடம் பலித்தது. பலித்தபோது பாடம் கற்றவர் அடுத்த அடைப்பைப் பார்க்க நகரவில்லை. முதலில் அடைப்பைத் திறக்கச் செய்தார். பிறகு தம்மையே அந்த உலகிலிருந்து விடுவித்துக்கொண்டார்.

அரசர்களிடம் நம் சமயத்தார் வேண்டியதும் திறப்பதைத்தான். 1583-இல் அக்பர் அவைக்குச் சென்ற சுவேதாம்பர ஆசாரியர் ஹீரவிஜய சூரி, பர்யூஷண நாள்களில் கொலைத் தடையும் கூண்டுப் பறவைகளின் விடுதலையும் பெற்றார். அக்பரின் மகன் ஜஹாங்கீரோ, தான் வளர்த்த மன்ஸ்ராஜ் என்னும் வெளிமான் இறந்தபோது லாகூர் அருகே அதற்கு நினைவுக் கோபுரமே எழுப்பினார். அச்சமவெளியில் மான் வேட்டையையும் தடைசெய்தார். பழக்கப்பட்ட அந்த மான் பிற மான்களைப் பிடிக்கும் பார்வை விலங்காகவும் பயன்பட்டது. அன்பு இருந்தது, கட்டும் இருந்தது. அத்தகைய அன்பை நாமும் நம் வீட்டுக் கிளிக்கூண்டுகளில் பார்த்திருக்கிறோம்.

தமிழகத்தில் வெளிமானுக்குக் கூண்டைவிட மேலான ஏற்பாடு நடந்திருக்கிறது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். கோடியக்கரையில் 1967-லும், தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் 1987-லும் வெளிமானுக்கென்றே சரணாலயங்கள் அமைந்தன. சென்னை கிண்டியில் 1978 முதல் தேசியப் பூங்காவாக உள்ள காட்டிலும் அவை வாழ்கின்றன. கிண்டியின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் மதிலும் நகரமும். அது காடா, பெரிய அடைப்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோடியக்கரையோ திறந்த புல்வெளி. ஆசாதரர் சொன்ன நடுப்படி, அதாவது கட்டாமல் காத்தல், நம் மாநிலத்திலேயே இருக்கிறது. இராஜஸ்தானத்துப் பிஷ்னோயி மக்கள் இதற்கும் ஒரு படி மேலே நிற்கின்றனர். அவர்கள் வயலில் வெளிமான் மேய்ந்தால் துரத்துவதில்லை. தாயிழந்த குட்டிக்குப் பெண்கள் தம் பாலையே ஊட்டுவர். வேலியின் செலவைப் பிறர் ஏற்கட்டும் என்னாமல், வேலியில்லாமையின் செலவைத் தம் விளைச்சலிலிருந்து தாமே கொடுக்கின்றனர். சமணர் அல்லாத அவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

இனி உறவினர் கேட்ட வினாவுக்கு வருகிறேன். மானைத் தத்தெடுக்கலாம் என்றே நான் விடை சொன்னேன். கட்டப்பட்டிருக்கும் உயிர்க்கு உணவும் நீரும் குறையாமல் பார்ப்பது, ஐந்தாம் அதிசாரத்தைப் பிறர் செய்யாமற் காப்பதாகும். கட்டியவர் நாமல்லர் என்பதால் பட்டினி நமக்குத் தொடர்பில்லாதது ஆகிவிடாது. ஐயறிவும் மனமும் பெற்ற விலங்கு நம்மோடு வழிநடக்கும் சீவன். மகாவீரரின் முற்பிறவியொன்றில் சிங்கமாய் இருந்தபோதுதான் முனிவர் உபதேசம் கேட்டு விரதம் பூண்டது என்பதை மறக்கலாகாது. ஆனால் அந்தப் பணத்தை விடுதலைக்குக் கொடுத்ததாகக் கருதி மனநிறைவு கொள்ள வேண்டா என்றும் சொன்னேன். பூங்காவுக்குச் செல்கையில் பலகையில் நம் பெயர் இருக்கிறதா என்று தேடுவதைவிட, இவ்விலங்கின் வழித்தோன்றல் எப்போதாவது வெளியே போகும் திட்டம் உண்டா என்று அலுவலரிடம் கேளுங்கள். உண்டென்றால் முடிச்சு தளர்ந்தது. புள்ளிமான் போன்ற பெருகிய இனத்துக்கு அவ்வினா பொருந்தாதென்றால், மேலும் குட்டிகள் பிறந்து கட்டுக்குள் வளராமல் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்திருக்கிறார்களா என்றாவது கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்டால் விடை சொல்வார்கள்.

இளைஞர்களுக்குச் சொன்னது வேறு. கூண்டை வெறுப்பது எளிது. கூண்டுக்கு வெளியே இடம் இருக்க வேண்டுமே! கோடியக்கரைப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் பற்றிப் படர்ந்து வெளிமானின் மேய்ச்சலைக் குறைக்கிறது. அதனை அகற்றுவது பெரும் வேலை. அவ்வேலைக்கு நன்கொடையோ உடலுழைப்போ தரலாமே என்றேன். "செடியைப் பிடுங்குவது ஓரறிவுயிர்க்கு இம்சை அல்லவா பாட்டி?" என்று பேத்தி கேட்டாள். இம்சைதான். இல்லறத்தார் ஆரம்ப இம்சையிலிருந்து முற்றும் தப்ப முடியாது. வீடு பெருக்கும்போதும் சமைக்கும்போதும் ஏற்பதை அங்கும் ஏற்க வேண்டும், வேரோடு எத்தனை சீவன் போகிறது என்பதை அறிந்தே ஏற்க வேண்டும் என்றேன். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. தாயும் மகளும் வண்டலூர் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் அலுவலகத்தாரிடம் அந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.